புதுப்பிப்பு: கட்டை ஸ்டாண்டில் பின் சக்கரம் கோத்தாச்சு
பலகையில் இரண்டு வேப்பங்கட்டைகளை நிறுத்தி நானே செய்த ஸ்டாண்டில் சைக்கிள் சக்கரம் கோக்க வருமா என்று முன்பு கேட்டிருந்தேன். அருமையாக வருகிறது! காட்பாடியில் வாங்கிய 28 இன்ச் ரிம், 40 போக்ஸ் கம்பி. ஒவ்வொரு கம்பியும் மூன்றைத் தாண்டி நான்காவதன் அடியில் நுழைகிறது. பெண்டு, அதாவது ரிம் பக்கவாட்டில் வளைந்து ஆடுகிறதா என்று பார்க்கக் கட்டையில் ஒரு போல்ட்டை ரிம் ஓரம் வரை முடுக்கினேன். உரசுகிற அதே இடத்தில், ஹப்பின் (சக்கரத்தின் நடு உருளை) மறுபக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் சுற்று இறுக்கினால் போதும்.

கட்டை கோணலாக நின்றால் என்ன செய்வது என்று சிலர் கேட்டீர்கள். சக்கரத்தைப் பக்கம் மாற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் போல்ட்டுக்கும் ரிம்முக்கும் ஒரே இடைவெளி என்றால் ரிம் நடுவில்தான் இருக்கிறது. ஸ்டாண்டின் கோணல் இதில் அடிபட்டுப் போகும், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான். அப்புறம், குடியாத்தம் போய்வந்த பிறகும் பெண்டு விழவில்லை. அடுத்து முன் சக்கரம், 32 கம்பி.