எக்சைட்டட் ஸ்டேட்: கிளர்ச்சியா, கிளர்நிலையா, வேறு ஏதாவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பாடப்படத்துக்குத் தமிழில் பெயர்கள் போட்டு வியாழன் காலைக்குள் அனுப்பியாக வேண்டும், உதவுங்கள். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் ஏணி. அடியில் −13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), மேலே −3.4, அப்புறம் −1.51, −0.85 என்று கோடுகள் போகப்போக நெருங்கிச் சுழியத்தில் முடிகின்றன. அடியில் இருக்கும் எலக்ட்ரான்மேல் 10.2 எலக்ட்ரான் வோல்ட் உள்ள ஒளித்துகள் பட்டால் அது இரண்டாம் கோட்டுக்குத் தாவுகிறது. 10 மட்டும் உள்ளது வந்தால் ஒன்றும் நடக்காது, ஒளி அது பாட்டுக்குப் போய்விடும்.

இப்படி மேலே தாவி நிற்பதுதான் எக்சைட்டட் ஸ்டேட். பழைய மொழிபெயர்ப்பில் அதற்குக் ‘கிளர்ச்சியுற்ற நிலை’ என்று இருக்கிறது. எட்டாவது படிக்கும் பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்தேன், “எலக்ட்ரான் யாரை எதிர்த்துக் கிளர்ச்சி பண்ணுது?” என்றாள். அதோடு கட்டத்துக்குள் பத்து எழுத்துக்கு மேல் நுழையாது. அணு ஒளியை எடுத்துக்கொள்வதற்கு, அதாவது அப்சார்ப்ஷனுக்கும், ஒரு நல்ல சொல் தேவை.

* * *

கிளர்ச்சியைக் கலகம் ஆக்கியது செய்தித்தாள்கள், சொல்லின் மேல் பழி போடாதீர்கள். கிளர்தல் என்றால் மேலெழுதல், பொங்குதல். எலக்ட்ரான் செய்வதும் அதுதான். ‘கிளர்நிலை’ என்று வினைத்தொகையாக வையுங்கள், கட்டத்திலும் அடங்கும். கிள் என்ற வேரைப் பிடித்துப் போனால் கிளை, கிளைத்தல் என்று ஒரு குடும்பமே வரும். கோழி குப்பையைக் கிளைக்கிறது அல்லவா? அடியில் கிடப்பதை மேலே கொண்டுவருவது. கிளவியும், அதாவது சொல்லும், உள்ளிருந்து வாய்க்கு எழுவதுதான் என்பது என் துணிபு, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

அப்படியே ஹைட்ரஜனை நீரகம் ஆக்கிவிடுங்கள். நீரை உண்டாக்குவது என்றுதான் வேதியியலாளர் லவாய்சியே காலத்தில் அதற்குப் பெயரே வைத்தார்கள். எலக்ட்ரானும் எதிர்மின்னி ஆகட்டும்.

* * *

ஐயா, கிளவியை விட்டுவிட்டு வாருங்கள், அவருக்கு வியாழக்கிழமை தவணை.

வினைத்தொகை சரி. ஊறுகாய் மாதிரி முக்காலமும் ஒளிந்திருக்கும். ஆனால் மேலே போய்ச் சேர்ந்த எலக்ட்ரான் இன்னும் கிளர்ந்துகொண்டா இருக்கிறது? கிளர்ந்தாயிற்று, இனி இறங்கத்தான் போகிறது. நான் வகுப்பில் சொல்வது ‘மேல்மட்டம்’. எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இந்த இழையில் மட்டத்தையும் நிலையையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், அதையும் நிறுத்த வேண்டும். இரண்டாம் மட்டம் ஒன்றுதான், அதில் எலக்ட்ரானின் தற்சுழற்சியையும் சேர்த்தால் எட்டு நிலைகள். மட்டம் ஆற்றலைச் சொல்கிறது, நிலை எலக்ட்ரான் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதே மட்டத்தில் 2பி, 2எஸ் என்று இரு வகை நிலைகள் உண்டு. 2பி நிலையில் இருப்பது 1.6 நானோ நொடி அளவில் இறங்கிவிடும். 2எஸ் நிலையில் மாட்டியது, யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு வரை தாக்குப்பிடிக்கும். இந்தக் கணக்கில் அது ஒரு யுகம். எனவே மட்டம் என்றால் மட்டமானது என்று தோன்றுகிறதே என்று சென்ற ஆண்டு ஒருவர் போட்ட சண்டையை மறுபடி கிளப்ப வேண்டாம். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தை யாரும் மட்டம் என்று வைவதில்லை.

இன்னொன்று. ‘முதல் கிளர்நிலை’ என்று எழுதினால் அது இரண்டாம் மட்டம். மாணவர்கள் தவறாமல் விழும் குழி அது.

* * *

அப்சார்ப்ஷனுக்கு உறிஞ்சல் வேண்டவே வேண்டாம். உறிஞ்சுவது கொஞ்சம் கொஞ்சமாக. அணு ஒளித்துகளைப் பாதி குடித்துவிட்டு மீதியை வைப்பதில்லை, முழுசாக ‘விழுங்குகிறது’, இல்லாவிட்டால் தொடுவதே இல்லை. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-இல் சொன்னதன் சாரமே அதுதான். கிளர்ச்சிக்குப் பதில் தூண்டல் என்று வைக்கலாமா என்றும் யோசித்தேன். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே குறளில் இருக்கின்றன: “தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று”.

* * *

தூண்டல் ஆகாது. மின்காந்தத் தூண்டல் ஏற்கெனவே இருக்கிறது, லேசர் பாடத்தில் தூண்டு உமிழ்வும் (ஒளி பட்டு எலக்ட்ரான் இறங்கி இன்னும் ஒளி விடுவது) இருக்கிறது. அது கீழே இறங்குவது, நம் கிளர்ச்சி மேலே ஏறுவது. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். குறள் நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே தூண்டில் மீனைக் கொல்கிறது.

நான் இலங்கையில் படித்தவள். எங்களுக்கு ஐதரசன், இலத்திரன், சக்தி மட்டம். எக்சைட்டட் ஸ்டேட் ‘அருட்டிய நிலை’. நித்திரையாகக் கிடக்கும் ஆளை அருட்டி எழுப்புவது வீட்டில் தினமும் பேசும் சொல். அடிமட்டத்தில் சும்மா கிடந்த இலத்திரனை ஒளி வந்து அருட்டுகிறது, இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்வது? உறிஞ்சலும் எங்கள் புத்தகத்தில் உள்ளதுதான், அதனால் யாரும் அரை ஒளித்துகளைத் தேடிப் போகவில்லை.

* * *

அருட்டிய நிலை எனக்கு மிகவும் பிடித்தது. நேற்று இரவு கட்டத்தில் போட்டும் பார்த்தேன், அழகாக உட்கார்ந்தது. ஆனால் இங்கே வாசித்த மூன்று பேரில் இருவர் ‘அருள்’ சம்பந்தப்பட்டது என்று நினைத்தார்கள், ஒருவர் அச்சுப்பிழை என்று திருத்தியே அனுப்பிவிட்டார்.

கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் கிளர்நிலைக்கு, அதனால் அதையே போட்டுவிட்டேன். கோடுகளுக்குப் பக்கத்தில் மட்டம் 1, மட்டம் 2 என்று எண்ணும் இருக்கிறது, முதல் கிளர்நிலைக் குழியில் யாரும் விழ மாட்டார்கள் என்று நம்புகிறேன். அப்சார்ப்ஷனுக்குப் பாடநூலில் இருக்கும் உட்கவர்தல். விழுங்கலை எழுதி அனுப்பினேன், மேற்பார்வையாளர் சிரித்துவிட்டு அடித்துவிட்டார். நீரகம் இல்லை, மன்னிக்கவும்.

அடுத்த படம் சூரிய நிறமாலை. 656.3 நானோமீட்டரில் உள்ள ஹைட்ரஜனின் கருங்கோடு, சூரிய நிறமாலையின் கருங்கோடுகளுக்குப் பிரான்ஹோபர் இட்ட எழுத்துகளில் சி. அது இரண்டாம் மட்டத்திலிருந்து மூன்றுக்குத் தாவும்போது விழுவது, அதாவது ஏற்கெனவே கிளர்ந்திருப்பதை மறுபடி கிளர்த்துவது. சூரியனின் மேற்பரப்பில் அப்படித் தயாராக இருக்கும் அணுக்கள் நூறு கோடியில் ஏதோ ஐந்தாறுதான், அப்படியும் கோடு அவ்வளவு கருப்பு. இந்தத் தாவலுக்கு என்ன எழுதுவது? திங்கள் வரை நேரம் இருக்கிறது.

* * *

மறுகிளர்வு. கிளவி பற்றிய மடல் தயார், இன்று மாலை அனுப்புகிறேன்.

* * *

மேல்மட்டத்திலிருந்து அதற்கும் மேல்மட்டம். சொன்னேனே.