ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்றால் அசையக் கூடாதா? நாள்பட்ட முதுகுவலிக்குச் சரியான சிகிச்சை எது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். ஓராண்டுக்கும் மேலாகக் கீழ்முதுகு வலியால் அவதிப்பட்டு வருகிறேன். குனிவதும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் கடினமாகிவிட்டன. முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள ஜவ்வு (டிஸ்க்) இரண்டு இடங்களில் தேய்ந்து சற்றே பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை கூறுகிறது. ஒரு மருத்துவர் இடுப்புப் பட்டை அணிந்து ஓய்வெடுக்கச் சொல்கிறார். மற்றொருவர் நடக்கச் சொல்கிறார். மாத்திரையை நிறுத்தினால் வலி திரும்பிவிடுகிறது. அசைந்தால் தேய்மானம் கூடிவிடுமோ என்ற அச்சத்தில் வீட்டு வேலைகளைக்கூடத் தவிர்க்கிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1:
நான் இயன்முறை மருத்துவர். முதலில் அந்த அறிக்கையைப் பற்றிய அச்சத்தை நீக்க விரும்புகிறேன். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 50 வயதினரில் 80 சதவீதத்தினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் காணப்பட்டது. நரை விழுவதைப் போல வயதோடு வரும் மாற்றம் அது. உங்கள் வலிக்கு அதுவே காரணம் என்று அந்த அறிக்கையை மட்டும் வைத்து எவராலும் உறுதிகூற முடியாது.

வலி 3 மாதங்களைக் கடந்து நீடிக்கும்போது, திசுக்களில் புதிய காயம் ஏதும் இல்லாமலேயே நரம்பு மண்டலம் கூருணர்வு அடைந்து, சாதாரண அசைவையும் ஆபத்தாக உணர்த்தக்கூடும். ஆகவே வலிக்கும்போதெல்லாம் முதுகு சேதமடைகிறது என்று கருத வேண்டாம். அசையாமல் இருந்தால்தான் தசைகள் வலுவிழந்து, சிறு வேலைக்கும் வலி எழும் நிலை வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான உடற்பயிற்சியையும், வலியைப் பற்றிய தெளிவை நோயாளிக்கு ஏற்படுத்துவதையும், தேவைப்படுவோருக்கு உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை, முதுகை இழுத்து நீட்டும் இழுவைச் சிகிச்சை, ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை வலி மாத்திரைகள் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எந்தப் பயிற்சி என்பதைவிட விடாமல் செய்வதே முக்கியம் என்பது என் கருத்து. வலி நிவாரணிகளைத் தொடர்ந்து உட்கொண்டால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால், அவற்றின் அளவையும் காலத்தையும் மருத்துவரிடம் பேசி முடிவுசெய்யுங்கள்.

பதில் 2:
நானும் நெடுங்காலமாக இந்த வலியோடு வாழ்பவள். வலி குறைந்த நாளில் எல்லா வேலைகளையும் முடித்துவிட்டு மறுநாள் படுத்துக்கிடப்பதுதான் நம்மைப் போன்றோரின் பெரிய இடர். சிரமமின்றி நடக்க முடிந்த நேரத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்கி, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே அளவைக் கடைப்பிடித்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வலி எவ்வளவு குறைந்தது என்று அளப்பதை விட்டு, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதைத் தூக்க முடிகிறது என்று குறித்து வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்; என்னைத் தளராமல் வைத்திருந்தது அந்தக் குறிப்புதான்.

பதில் 3:
மேற்சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் புதிதாகத் தடையோ கட்டுப்பாடின்மையோ, கால்கள் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்தமை ஆகியவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அறுவைச் சிகிச்சையைப் பொறுத்தவரை, பிதுங்கிய ஜவ்வு நரம்பை அழுத்துவதால் வரும் கால்வலிக்கே அது பெரிதும் உதவுகிறது; உங்களுக்கு வலி முதுகோடு நிற்கிறதா, காலுக்கும் இறங்குகிறதா?