பேயைக் காட்டாமலே பயமுறுத்தும் பழைய படங்கள்: எதில் தொடங்கலாம், எந்தப் பிரதி, டிவியில் என்ன மாற்றணும்?

மாடிப்படி:
பேய் ஓடிவந்து கத்துற படம் வேண்டாம். வீட்டுக்குள்ள ஏதோ இருக்குன்னு தோணிக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான். 1960கள், அதுக்கு முந்தினதும் சரி. நொஸ்ஃபெராட்டுங்கிற பழைய ஊமைப்படத்தை யூட்யூப்ல போட்டேன், பயத்துக்குப் பதிலா சிரிப்பு வந்தது. எல்லாரும் கொண்டாடுற படம் ஏன் இப்படித் தெரியுது? எதுல தொடங்கினா நல்லது? 43 அங்குல எல்இடி டிவி, சின்ன சவுண்ட்பார். ராத்திரி பத்துக்கு மேலதான் பார்க்க முடியும், சத்தம் கூட்ட முடியாது.

பழையரீல்:
உங்க ரசனையில ஒரு குறையும் இல்ல, சிக்கல் அந்தப் பிரதியில இருக்கு. 1922ல இயக்குநர் முர்னாவ் இதை எடுத்தப்போ ராத்திரிக் காட்சியையும் பகல் வெளிச்சத்துலதான் எடுத்தாங்க. அப்புறம் பிரதிக்குச் சாயம் ஏத்தினாங்க. நீலம்னா ராத்திரி, மஞ்சள்னா விளக்கு எரியுற அறை, இளஞ்சிவப்புன்னா விடியல். இலவசமாச் சுத்துற பல பிரதிகள்ல அந்தச் சாயம் இல்ல. விளைவு, ரத்தம் குடிக்கிற ஓர்லோக் பிரபு சவப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு நல்ல வெயில்ல தெருவுல நடக்குறான். சூரிய ஒளி பட்டா அழியுற பிறவி வெயில்ல உலாத்தினா கதைக்கு எலும்பே இல்லாமப் போயிடும்.

ரெண்டாவது, வேகம். அந்தக் காலத்து ஊமைப்படம் நொடிக்கு ஏறத்தாழ 18 ஃபிரேம்ல ஓடவேண்டியது. அதை அப்படியே 24ல ஓட்டினா மூணுல ஒரு பங்கு வேகம் கூடி, எல்லாரும் துள்ளித் துள்ளி நடப்பாங்க. முர்னாவ் வேணும்னே துடிப்பா ஓடவிட்டது காட்டுவழியில வர்ற குதிரைவண்டியை. அதுல ஒரு இடத்துல நெகட்டிவையே போட்டு மரங்களை வெள்ளையாக்கியிருப்பார். படம் முழுக்கத் துள்ளினா அந்த வண்டி தனியாத் தெரியாது.

டிராகுலா நாவலை அனுமதியில்லாம எடுத்ததுன்னு பிராம் ஸ்டோக்கரோட மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தப்பினது அங்கங்க சிதறிக் கிடந்ததாலதான் இத்தனை அரைகுறை வடிவங்கள். முர்னாவ் அறக்கட்டளை சீரமைச்ச பதிப்பைத் தேடுங்க. நீளம் சுமார் 94 நிமிஷம், ஹான்ஸ் எர்ட்மனோட இசையை மீட்டுச் சேர்த்திருக்காங்க. பார்க்கத் தொடங்குறதுக்கு முன்னாடி ராத்திரிக் காட்சி ஒண்ணுக்குத் தள்ளிப் பாருங்க. நீலமா இல்லைன்னா அந்தப் பிரதி வேண்டாம்.

கும்மிருட்டு:
நீங்க கேட்ட மாதிரியே இருக்குறது தி இன்னொசென்ட்ஸ், 1961. ஹென்றி ஜேம்ஸோட குறுநாவல், ஜாக் கிளேட்டன் இயக்கம். தனி மாளிகையில ரெண்டு குழந்தைகளைப் பார்த்துக்க வர்ற ஆசிரியையா டெபரா கெர். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: படம் கறுப்புத் திரையில தொடங்கும், ஒரு சின்னப் பெண் பாடுற குரல் மட்டும் கேட்கும். கம்பெனி முத்திரையே அதுக்கப்புறம்தான். கோளாறுன்னு நினைச்சு ஓட்டிடாதீங்க.

ஸ்டுடியோ இதை சினிமாஸ்கோப்ல எடுத்தே ஆகணும்னு சொல்லிடுச்சு. ரெண்டு மூணு பேர் நிக்கிற நெருக்கமான கதைக்கு அந்த அகலம் அதிகம். ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃப்ரான்சிஸ் ஃபில்டர்களோட ஓரத்துல சாயம் பூசி, நடுவுல மட்டும் வெளிச்சம் விழ, ரெண்டு பக்கமும் இருள் கட்டி நிக்க வச்சார். அந்தப் பக்கவாட்டு இருள்லதான் படத்தோட மொத்த பயமும் இருக்கு. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வருதேன்னு டிவியில 'ஜூம்' போட்டீங்கன்னா முதல்ல வெட்டுப்படுறது அதுதான். ஏரிக்கரைக் காட்சி பகல்ல நடக்கும். பேசுறவங்களை விட்டுட்டுத் தூரத்தைப் பாருங்க, இதுக்கு மேல சொல்லமாட்டேன்.

அடுத்தது தி ஹான்டிங். ஆண்டு 1963, ராபர்ட் வைஸ், 112 நிமிஷம், கறுப்புவெள்ளை. ஆண்டைப் பார்க்காமத் தேடினா 1999ல அதே பேர்ல வந்த மறு ஆக்கம்தான் மேல நிக்கும். அது கணினி வேலையால எல்லாத்தையும் கண்ணுக்கு எதிர்ல கொண்டுவந்து கொட்டுற படம், நீங்க வேண்டாம்னு சொன்னது அதைத்தான். வைஸோட படத்துல பேய் ஒரு தடவை கூட வராது. கதவு இருக்கும், சுவர் இருக்கும், சத்தம் இருக்கும். லென்ஸ் செய்யுற பானாவிஷன்காரங்க இன்னும் சரியா வரலைன்னு சொன்ன அகலக்கோண லென்ஸை, கோணல் விழும்னு தெரிஞ்சே கேட்டு வாங்கியிருக்கார். அதனால நடைகூடமெல்லாம் லேசா வளைஞ்சு நிக்கும்.

மாடிப்படி:
ரொம்ப நன்றி. ஹான்டிங் முழுக்கச் சத்தத்துல நிக்குதுன்னா என் சவுண்ட்பார்ல என்ன பண்றது? அதுல 'நைட் மோட்' இருக்கு, போடலாமா?

ஒலிவாங்கி:
போடவே போடாதீங்க. நைட் மோட், ஆட்டோ வால்யூம் எல்லாம் மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கி, ரெண்டையும் சமமாக்கும். ஹான்டிங்ல ராத்திரி வர்ற தட்டுற சத்தம் நடைகூடத்துக் கடைசியில தொடங்கி அறை அறையா நெருங்கி வரணும். சமமாக்கிட்டா தூரமும் கிட்டயும் ஒண்ணாயிடும், ஏதோ தட்டிக்கிட்டே இருக்குன்னு மட்டும் கேட்கும்.

உங்க நிலைமைக்கு ஒயர் வச்ச ஹெட்ஃபோன்தான் சரி. ப்ளூடூத்ல சில செட்டுகள்ல சத்தம் ஒரு கணம் பிந்தி வரும், கதவும் சத்தமும் ஒட்டாது. குசுகுசுன்னு பேசுறது புரியுற அளவுக்கு வால்யூமை வச்சுட்டு அதுக்கப்புறம் ரிமோட்டைத் தொடாதீங்க. இந்தப் படங்கள் மோனோ, அதாவது ஒரே தடத்துல வர்ற ஒலி. டிஸ்க்ல 5.1 (பல ஸ்பீக்கருக்குப் பிரிச்ச ஒலி) இருந்தாலும் மோனோவையே தேர்ந்தெடுங்க, 'சரவுண்ட்' பொத்தானை அணைங்க. ஹெட்ஃபோன் வர்ற வரைக்கும் ஹான்டிங்கைத் தள்ளிப்போட்டு இன்னொசென்ட்ஸை முதல்ல பாருங்க.

சப்டைட்டில்ல ரெண்டு வகை இருக்கும். காது கேளாதவங்களுக்கானதுல 'கதவு கிறீச்சிடுகிறது'ன்னு சத்தத்தையும் எழுத்தா போடுவாங்க, சில சமயம் சத்தம் கேட்குறதுக்கு முன்னாடியே. வசனம் மட்டும் உள்ளதை எடுங்க. எழுத்தைச் சின்னதாக்கி, முடிஞ்சா சாம்பல் நிறத்துக்கு மாத்துங்க. இருட்டுக் காட்சியில பளிச்சுன்னு வெள்ளை எழுத்து வந்தா கண்ணு அதுக்குப் பழகி மத்த இருட்டுல எதுவும் பிடிபடாது.

டிவியில முதல் வேலை மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்கிறது. எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ, சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி. நொடிக்கு 24 ஃபிரேம் படத்துக்கு நடுவுல டிவியே ஃபிரேம்களைச் செஞ்சு சொருகுறதாலதான் சினிமா சீரியல் மாதிரித் தெரியுது. பிறகு மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோட். வெளிச்சத்துக்கு ஏத்தபடி தானா மங்குற எக்கோ சென்சாரும், காட்சிக்குக் காட்சி கறுப்பையும் வெளிச்சத்தையும் தானா மாத்துற டைனமிக் கான்ட்ராஸ்ட்டும் வேண்டாம். பிரைட்னஸை, கறுப்புப் பட்டை சாம்பலாகத் தொடங்குற வரை ஏத்தி ஒரு படி இறக்குங்க. அதுக்கும் கீழ போனா நிழலுக்குள்ள நிக்கிற உருவமே மறைஞ்சிடும். ட்யூப்லைட்டை அணைச்சிடுங்க, வெளிச்சம் வேணும்னா டிவிக்குப் பின்னாடி மங்கலா ஒண்ணு போதும்.

வெண்பனி:
நண்பர்கள் ஜப்பான் பக்கம் போகலை, அதனால சேர்க்கிறேன். குவைதான், 1964, மசாகி கோபயாஷி. நாலு கதை, வண்ணப்படம். அமெரிக்காவுல ஓட்டினப்போ பனிப்பெண் கதையையே தூக்கிட்டாங்க, படத்தோட ஆக அழகான பகுதி அது. வரையப்பட்ட வானத்துல கண்கள் திறந்து பார்த்துக்கிட்டிருக்கும். முழுப் பதிப்பு 183 நிமிஷம். ரெண்டு மணி நேரத்துப் பிரதி கிடைச்சா அது வெட்டுப்பட்டது. ரெண்டு ராத்திரியாப் பிரிச்சு, தினம் ரெண்டு கதை பாருங்க. மூணாவது கதை நீளமானது, அதைத் தூக்கத்தோட பார்த்தா வீண். நடக்குற சத்தமே கேட்காத இடங்கள் வரும். இசையமைப்பாளர் தோரு தாகெமித்சு வேணும்னே எடுத்துட்டு மரம் பிளக்குற சத்தத்தை வச்சிருக்கார், ஹெட்ஃபோனைக் கழற்றி ஆராய வேண்டாம்.

அறுபதுகளைத் தாண்டலாம்னா கியோஷி குரோசாவாவோட கைரோ, 2001. ஆங்கிலத்துல பல்ஸ்னு இருக்கும், அதே பேர்ல 2006ல அமெரிக்க மறு ஆக்கமும் உண்டு, இயக்குநர் பேரைப் பார்த்து எடுங்க. ரொம்ப இருட்டான படம். ஸ்ட்ரீமிங்ல பிட்ரேட் (நொடிக்கு வர்ற தரவோட அளவு) குறைஞ்சா இருட்டுப் பகுதி கட்டம் கட்டமா உடையும், அதனால டவுன்லோட் வசதி இருந்தா உயர்ந்த தரத்துல இறக்கி வச்சுப் பாருங்க.

வரிசை என்னைக் கேட்டா இன்னொசென்ட்ஸ், ஹான்டிங், குவைதான், கைரோ. நொஸ்ஃபெராட்டு கடைசியில, நீலப் பிரதியோட. வீட்டுல சப்டைட்டில் வேண்டாம்னு சொல்றவங்க கூட உட்கார்ந்தா யாவரும் நலம், 2009. தமிழ், இந்தி ரெண்டுலயும் எடுத்த படம், பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு. பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் கதை அறுபடாது. தேடும்போது டிரெய்லர் தானா ஓடாம இருக்க, நெட்ஃபிளிக்ஸ் புரொஃபைல்ல ஆட்டோப்ளே ப்ரிவ்யூவை முன்கூட்டியே அணைச்சிடுங்க.