ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைக் கூலி சரியா?

செக்கிங்மேசை:
திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காலை 8.30க்கு உள்ளே போனால் மாலை 5.30க்கு ஒரு ஷிப்ட் முடியும், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. அதற்கு மேல் ராத்திரி 9 மணி வரை நின்றால் அது ஒன்றரை ஷிப்ட். எனக்கு ஒரு ஷிப்டுக்கு 560 ரூபாய், அந்த அரை ஷிப்டுக்கு 280. பதினொரு வருடமாக இந்தக் கணக்கில்தான் சனிக்கிழமை கவர் வாங்குகிறேன்.

போன வாரம் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் 1948 தொழிற்சாலைச் சட்டச் சுருக்கத்தை நின்று படித்தேன். பாதி வெளுத்துப் போன தாள், மீதிப் பாதியைக் காலண்டர் மறைத்துக்கொண்டிருக்கிறது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேலோ வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால் கூலி இரண்டு மடங்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. வாரம் ஆறு நாள் ஷிப்டிலேயே எனக்கு 48 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் மணிக்கு 70 ரூபாய் வாங்கும் எனக்கு மூன்றரை மணி நேரத்துக்கு 490 வர வேண்டும். வருவது 280. ஒரு நாளைக்கு 210 ரூபாய் எங்கே போகிறது? கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு கம்பெனி விஷயம் இல்லை.

இருபதுமெஷின்:
நான் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், எக்ஸ்போர்ட் கம்பெனி துணி கொடுக்கும், தைத்துக் கொடுப்பது நாங்கள், பெயரிலேயே எத்தனை மெஷின் என்று தெரியும். அக்கா சொல்வது சட்டத்தில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். எட்டு மணி நேரத்தில் பாதி நான்கு மணி நேரம். நாங்கள் மூன்றரை மணி நேரத்துக்கே நான்கு மணி நேரக் கூலி கொடுக்கிறோம், அதிலும் ஆறு மணிக்கு டீயும் வடையும் உண்டு. ஒரு பீஸ் தைத்துக் கொடுக்க எனக்கு வரும் ரேட் மூன்று வருடமாக ஏறவில்லை. துணி லேட்டாக வரும், பிரிண்டிங்கில் இரண்டு நாள் நிற்கும், ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறாது. கடைசி ஐந்து நாள் என் தலையில்தான் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பாதி மெஷின் மூடி கிடந்ததை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்தீர்கள். இதில் இரண்டு மடங்கு கொடு என்றால் ஆர்டர் பங்களாதேஷுக்குப் போகும், அப்புறம் 280ம் கிடையாது, 560ம் கிடையாது.

லேபர்கோர்ட்வாசல்:
பங்களாதேஷை இழுக்காதீர்கள் சார். அங்கே 2006 தொழிலாளர் சட்டத்திலும் ஓ.டி.க்கு, அதாவது ஷிப்ட் நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு, இரண்டு மடங்குதான். அடிப்படைக் கூலியையும் பஞ்சப்படியையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்பது உண்மை, ஆனாலும் இரண்டு மடங்கு இரண்டு மடங்குதான்.

நீங்கள் இதை முதலாளி தரும் போனஸ் மாதிரி பார்க்கிறீர்கள். அது அப்படி வந்ததே இல்லை. இருக்கிற ஆளை இன்னும் நிறுத்தி வைப்பது புதிதாக ஒரு ஆளைச் சேர்ப்பதைவிடச் செலவாக இருக்க வேண்டும், அப்போதுதான் முதலாளி ஆள் சேர்ப்பார், நேரத்தை இழுக்க மாட்டார். அதற்காகப் போட்ட வேலி அது. நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1922ல் வாரம் 60 மணி நேரம், 1934ல் 54, 1946ல் 48. வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்த காலத்தில் அந்தக் கடைசிக் குறைப்புக்கான மசோதா வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம் அதே 48ஐத்தான் எடுத்துக்கொண்டது.

இன்னொன்று. வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட் என்றால் 48ம் 21ம் சேர்ந்து 69 மணி நேரம். ஓ.டி.யோடு சேர்த்தே 60ஐத் தாண்டக்கூடாது என்றுதான் 1948 சட்டத்தில் இருந்தது. அதில் மூன்று மாதத்துக்கு ஓ.டி. 50 மணி நேரம், சிறப்பு விலக்கு வாங்கினால் 75. அக்காவின் கணக்கில் 50 மணி நேரம் மூன்றாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். அந்தச் சட்டப்படி இரண்டு மடங்கு கொடுத்தால்கூட இவ்வளவு நேரம் வாங்க முடியாது.

பேட்லாக்தம்பி:
எல்லோரும் எங்களுக்காகப் பேசுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஓ.டி.யை வெட்டுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கு ரூம் வாடகை, ஊரில் அம்மாவுக்கு மருந்து, தங்கச்சி காலேஜ் ஃபீஸ். ஒரே ஷிப்ட் பார்த்தால் சனிக்கிழமை வரும் காசு திங்கட்கிழமையே தீர்ந்துவிடும். என் லைனில் ஒடிசா பையன்கள் ஏழு பேர். ஓ.டி. இல்லாத கம்பெனி என்று தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பத்தானே வந்திருக்கிறார்கள், ஹாஸ்டலில் 5.30க்குப் போய் என்ன செய்வார்கள்? மணிக் கணக்கு வக்கீல் வேலை பார்க்கிறவர்களுக்குச் சுலபம்.

இருபதுமெஷின்:
தம்பி சொன்னதுதான் நானும் சொல்வது. நாங்கள் யாரையும் கட்டி வைக்கவில்லை.

லேபர்கோர்ட்வாசல்:
தம்பி, கோபப்பட வேண்டாம். ஒரே ஷிப்டில் குடும்பம் ஓடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் வாதமே அதுதான். எட்டு மணி நேரக் கூலி போதாததால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறீர்கள், நீங்கள் நிற்பதால் எட்டு மணி நேரக் கூலியை ஏற்ற வேண்டிய நெருக்கடி யாருக்கும் வருவதில்லை. நீங்கள் நிற்கிற அதே நேரத்துக்குச் சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கிறோம். உங்கள் ஓ.டி.யைப் பிடுங்க வரவில்லை.

இருபதுமெஷின்:
சரி, ஷிப்ட் கூலி ஆளுக்கு இரட்டிப்பு என்று வைத்துக்கொள்வோம். என்னிடம் டைலர்கள் எல்லாம் பீஸ் ரேட். தைத்த பீஸுக்குக் காசு. ராத்திரி தைத்தாலும் பகலில் தைத்தாலும் பீஸ் ஒன்றுதானே? இதில் எதை இரட்டிப்பது? சட்டம் எழுதியவர்கள் மில்லை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

லேபர்கோர்ட்வாசல்:
1948 சட்டத்திலேயே இதற்குப் பதில் இருந்தது சார், 59ஆம் பிரிவைப் படியுங்கள். பீஸ் ரேட் ஆளுக்கு முந்தின மாதம் முழு நேரம் வேலை செய்த நாட்களில் ஓ.டி. சேர்க்காமல் சராசரியாக ஒரு நாளைக்கு என்ன வந்தது என்று பார்க்க வேண்டும். 26 நாளில் 18,200 என்றால் நாளுக்கு 700, மணிக்கு 87 ரூபாய் 50 காசு. ஓ.டி. மணிக்கு 175. உங்கள் நோட்டில் பெயர்வாரியாக பீஸ் எண்ணிக்கை இருக்கும், இல்லாமல் சனிக்கிழமை கணக்குத் தீர்க்க முடியாது. பத்து நிமிட வேலை.

2025 நவம்பர் 21லிருந்து, 1948 சட்டம் உட்படப் பழைய சட்டங்களுக்குப் பதிலாக, நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் நாளுக்கு எட்டு மணி நேரம், அதிலும் ஓ.டி.க்கு இரண்டு மடங்குதான், தொழிலாளி சம்மதம் இல்லாமல் ஓ.டி. வாங்கக்கூடாது. ஓ.டி. உச்சவரம்பை அரசு விதி போட்டு வைக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள், எனக்குப் பயம் அந்த இடத்தில்தான். மின்சாரம் வைத்து ஓட்டும் யூனிட்டில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்தது இப்போது 20 ஆகிவிட்டது. ஆனால் ஓ.டி. கூலி அந்த நான்கில் ஒன்றான ஊதியத் தொகுப்பில் தனியாக இருக்கிறது, ஆள் எண்ணிக்கையைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது.

அவிநாசிரோடு:
இரண்டு பக்கமும் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். 2023ல் தமிழ்நாட்டிலேயே 12 மணி நேர மசோதா வந்ததே, வாரத்துக்கு நான்கு நாள் வேலை, மூன்று நாள் லீவு என்று சொன்னார்கள். அது நல்லதுதானே? ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

லேபர்கோர்ட்வாசல்:
நான்கு நாள் என்பது வெளியே சொன்ன விளக்கம். வார வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, இரட்டைக் கூலி, இதற்கெல்லாம் உள்ள பிரிவுகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கு வேண்டுமானாலும் அரசு விலக்கு கொடுக்கலாம் என்றுதான் மசோதாவில் இருந்தது. ஏப்ரல் 21ஆம் தேதி சட்டசபையில் நிறைவேறியது, கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் வாபஸ் என்றார். குஜராத்தில் 2020ல் கொரோனாவைக் காரணம் காட்டி 12 மணி நேரம், ஓ.டி.க்கு ஒரே மடங்கு என்று அறிவிப்பே போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அக்டோபர் 1ஆம் தேதி அதை ரத்து செய்து, அதுவரை வேலை செய்தவர்களுக்கு ஓ.டி. கூலியைக் கொடு என்றது. குஜராத் அறிவிப்பு போட்டுச் செய்ததை நம் ஊர் அறிவிப்பே இல்லாமல் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறது.

செக்கிங்மேசை:
நான் ஆரம்பித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், இப்போதுதான் எல்லாம் படிக்கிறேன். மணி ராத்திரி 10.40.

யாரையும் கட்டி வைக்கவில்லை என்று மெஷின் அண்ணா எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் 22 கிலோமீட்டர். கம்பெனி வேன்தான் கூட்டி வரும், கொண்டுபோய் விடும். காலையில் 7.30க்கு வரும் வேன் திரும்பிக் கிளம்புவது ராத்திரி 9.10க்கு. 5.30க்கு பெல் அடிக்கிறது, யாரும் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை, உண்மைதான். ஆனால் இறங்கிப் போனால் இரண்டு பஸ் மாற வேண்டும், கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் மூன்று கிலோமீட்டர் இருட்டில் நடக்க வேண்டும். அதனால் உட்கார்கிறோம். உட்கார்ந்தால் சம்மதம் என்று கணக்கில் ஏறிவிடுகிறது. ஏழு மணிக்கு மேல் பெண்களை வேலை வாங்க அவர்கள் சம்மதம் வேண்டும் என்று புதிய சட்டத்தில் இருக்கிறதாமே, என்னிடம் ஒரு தடவைகூட யாரும் கேட்டதில்லை.

கம்பெனியைச் சோதிக்க வெளியிலிருந்து ஆடிட் வரும் வாரம் மட்டும் வேன் 5.45க்குக் கிளம்பும். அந்த நான்கு நாளும் என் பையன் ஹோம்ஒர்க் செய்யும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வெள்ளை பீஸைப் பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவன் எழுத்து எனக்கு இரண்டு இரண்டாகத் தெரியும். அந்த வாரம் அப்படித் தெரியவில்லை.

பேட்லாக்தம்பி:
அக்கா, வேன் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. நான் ரூமில் இருக்கிறவன், நடந்து போய்விடுவேன். எனக்கு ஓ.டி. வேண்டும், உங்களுக்கு வேண்டாம். இரண்டு பேரையும் ஒரே பெல்லில் கட்டுவது தப்புதான். ஆனால் 175 ரூபாய்க் கணக்கை எங்கள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னால் அடுத்த வாரம் எனக்கு மெஷின் இருக்காது, அதையும் எழுதி வைக்கிறேன்.

இருபதுமெஷின்:
இரண்டு மடங்கு விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. இப்போது வரும் ரேட்டில் என்னால் முடியாது, முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். கொடுக்க வேண்டுமென்றால் எனக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனி முதலில் பீஸ் ரேட்டில் அதைச் சேர்க்க வேண்டும், அவர்கள் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரிடம் கேட்க வேண்டும். கேட்கிற தைரியம் எங்கள் ஆட்கள் யாருக்கும் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வேன் என் கையில் இருக்கிற விஷயம். எனக்கு ஒரு வேன், இரண்டு ஊர். திங்கட்கிழமையிலிருந்து 5.45க்கு ஒரு டிரிப் விட டிரைவரிடம் பேசிவிட்டேன், டீசல் செலவு என்னோடது. ஆனால் சொல்கிறேன், பாதிப் பேர்கூட ஏற மாட்டார்கள்.

செக்கிங்மேசை:
திங்கட்கிழமை எத்தனை பேர் ஏறினார்கள் என்று இங்கேயே எழுதுங்கள் அண்ணா. ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று தனித்தனியாக.