கீழ்த்தாடை முன்தள்ளிய பொமரேனியனைக் குட்டி போட விடலாமா?

கேள்வி

எங்கள் பொமரேனியன் பெண் நாய்க்கு இப்போது 16 மாதம் ஆகிறது. வாயை மூடும்போது கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே வந்து நிற்கின்றன. இடையில் ஒரு நெல்மணி கிடக்கும் அளவுக்கு இடைவெளி உள்ளது. மேல் கோரைப்பல் ஒன்றின் அருகே பால் பல்லும் விழாமல் இருக்கிறது. சாப்பிடுவதில் குறையில்லை. ஒரு ஈற்றாவது ஈன்றால்தான் பெண் நாயின் உடம்பு நன்றாக இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தெரிந்தவர் வீட்டில் பல்வரிசை ஒழுங்கான ஆண் நாய் இருக்கிறது. அதனோடு சேர்த்தால் குட்டிகளின் வாய் சரியாக அமையுமா?

மறுமொழி 1

பல் மட்டும் இடம் மாறி நிற்கிறதா, தாடையே நீண்டிருக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சரியான வாயில் கீழ்க் கோரைப்பல், மேல் வரிசையின் கடைசி வெட்டுப்பல்லுக்கும் மேல் கோரைப்பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் போய் அமரும். உங்கள் நாய்க்கு அது அங்கேயே அமர்ந்து, முன்பற்கள் ஒன்றிரண்டு மட்டும் மாறிக் கடித்தால் கோளாறு பற்களோடு நின்றிருக்கலாம். மாறாக, கீழ்க் கோரைப்பல் முன்னே நகர்ந்து மேல் வெட்டுப்பல்லை முட்டுகிறது என்றால், தாடையின் நீளமே பொருந்தவில்லை என்று கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது.

28 பால் பற்கள் விழுந்து 42 நிலைப் பற்கள் ஏழு மாதத்திற்குள் வந்துவிட வேண்டும். சிறிய இனங்களில் பால் பல் விழாமல் தங்குவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் 16 மாதத்திலும் இருக்கிறது என்றால், அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பிடுங்கிவிடுவதே நல்லது.

மறுமொழி 2

நல்ல வாயுள்ள ஆண் நாயோடு சேர்த்தால் குறை சரியாகிவிடும் என்ற கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டேன். கீழ்த்தாடை சற்றுக் குட்டையான என் டாஷண்ட் நாயை, குறையே சொல்ல முடியாத ஓர் ஆண் நாயோடு சேர்த்தேன். நான்கு குட்டிகள் பிறந்தன. எட்டு வாரத்தில் எல்லா வாய்களும் ஒழுங்காகத் தெரிந்ததால் நம்பிக்கையோடு பிறருக்குக் கொடுத்தேன். ஆறாம் மாதத்தில் ஒரு குட்டியின் கீழ்க் கோரைப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் பள்ளம் விழுந்து, அதில் உணவு தங்கிப் புண்ணாகிவிட்டது. கடைசியில் இரண்டு பற்களையும் பிடுங்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக் குழந்தை அழுதது இன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

மேல்தாடையின் நீளமும் கீழ்த்தாடையின் நீளமும் தனித்தனியே, பல மரபணுக்கள் சேர்ந்து அமைவன. அதனால் தாயின் குறையும் தந்தையின் நிறையும் கலந்து நடுவாக ஒரு வாய் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. குறை வெளியில் தெரியாத குட்டியும் அதைத் தன் குட்டிகளுக்குக் கடத்தக்கூடும்.

மறுமொழி 3

ஷிட்சு, பக் போன்ற குட்டை முக இனங்களுக்குக் கீழ்த்தாடை சற்று முன்நிற்பதை இனத் தர விதிகளே ஏற்கின்றன. பொமரேனியனுக்கு அப்படி இல்லை, மேல் பற்கள் கீழ்ப் பற்களைக் கத்தரிபோல் ஒட்டி மூட வேண்டும். மேலும், இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, இனப்பெருக்கத்துக்கு விடும் பெண் நாய்க்கு 18 மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். ஓர் ஈற்று உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. கருத்தடை செய்யாத நாய்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்துதான் கூடுகிறது. இவ்வளவு சிறிய இனங்களில் பிரசவமே சிக்கலாகி அறுவைச் சிகிச்சை வரை போவதும் உண்டு.

கேள்வி கேட்டவர்

இன்று காலை டார்ச் வெளிச்சத்தில் உதட்டை விலக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கீழ்க் கோரைப்பல் மேல் வெட்டுப்பல்லை முட்டிக்கொண்டுதான் இருக்கிறது. குட்டி போட விடுவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கருத்தடை செய்யும்போதே அந்தப் பால் பல்லையும் பிடுங்கச் சொல்லலாமா?

மறுமொழி 1

தாராளமாகச் சொல்லலாம். ஒரே மயக்க மருந்தில் இரண்டும் முடிந்துவிடும். பால் பல்லின் வேர் நீண்டு மெலிந்திருப்பதால் உள்ளே முறிந்து தங்கிவிட வாய்ப்புண்டு. ஆகையால் பிடுங்கும் முன்னும் பின்னும் எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.