ஹேச்சரியில இவ்ளோ சால்மன் வருதே, அப்புறம் ஏன் அழியுதுங்கறாங்க?

பெல்வியூவாசி:
போன சனிக்கிழமை பசங்களோட சியாட்டில் பக்கம் இருக்கற இசக்வா ஹேச்சரி, அதான் சால்மன் மீன் குஞ்சு பொரிச்சு ஆத்துல விடற எடம், போயிருந்தோம். கண்ணாடி வழியா பாத்தா ஒவ்வொண்ணும் ஒரு கை நீளம், தோலெல்லாம் வெளுத்து உரிஞ்சு, வால் தேஞ்சு போயி, அப்படியும் தண்ணிய எதிர்த்து முட்டிக்கிட்டே நிக்குது. "அதுக்கு வலிக்காதாப்பா"ன்னு பொண்ணு கேட்டா, பேச்ச மாத்திட்டேன். என் டவுட் என்னன்னா, தொட்டி தொட்டியா குஞ்சு பொரிச்சு விடறாங்க, கடையிலயும் குவிஞ்சு கெடக்கு, அப்புறம் எதுக்கு இவ்ளோ செலவு பண்ணி காப்பாத்தணும்?

ஆத்தங்கரை:
கடையில இருக்கறதுல நெறைய நார்வே, சிலி பண்ணை மீனுங்க, அத இதோட சேக்காதீங்க. அடுத்த தடவ போனா முதுகுல, வாலுக்கு கொஞ்சம் முன்னாடி, நகம் அளவுக்கு ஒரு குட்டி துடுப்பு இருக்கான்னு பாருங்க. அந்த துடுப்பு இல்லன்னா அது ஹேச்சரி மீன், அடையாளத்துக்காக குஞ்சா இருக்கும்போதே வெட்டி விட்டுடுவாங்க. கூட்டத்துல எத்தனைக்கு அந்த துடுப்பு இருக்குன்னு எண்ணினா உங்க கேள்விக்கு பாதி பதில் அங்கயே கெடச்சிடும்.

மீதி என்னன்னா, சால்மன் பொறந்த ஓடையோட வாசனைய ஞாபகம் வச்சுக்கிட்டு கடல்ல சில வருஷம் சுத்திட்டு பெரும்பாலும் அதே ஓடைக்குத்தான் திரும்பும், அதனால ஒரு ஓடை மீன் போச்சுன்னா பக்கத்து ஓடையில இருந்து ஈஸியா ரொம்பாது. பக்கத்து மாநிலம் ஐடஹோல ரெட்ஃபிஷ் ஏரின்னு ஒண்ணு, கடல்ல இருந்து சுமார் 1450 கிலோமீட்டர், நடுவுல 8 அணை. 1992ல அங்க திரும்பி வந்த சாக்ஐ (சால்மன்ல ஒரு வகை) ஒண்ணே ஒண்ணு. லோன்சம் லாரின்னு பேர் வச்சாங்க, தனிக்கட்டை லாரி!

மழைக்காலம்:
அணைய மட்டும் சொல்லாதீங்க, நம்ம கார் டயரும்தான். நான் சியாட்டில் பக்கம் ஒரு ஓடையில வாலண்டியரா மீன் எண்ணப் போவேன். நல்ல மழைக்கு அடுத்த நாள் போனா கோஹோங்கற சால்மன் வகை செத்து கெடக்கும், வயித்த கிழிச்சு பாத்தா சினை அப்படியே முழுசா இருக்கும், ஒரு முட்டை கூட போட்டிருக்காது. பல வருஷம் காரணமே புரியல. டயர்ல போடற 6பிபிடிங்கற கெமிக்கல் காத்துல மாறி, ரோட்டுல இருந்து மழைத்தண்ணியில கலந்து கொல்லுதுன்னு 2020லதான் கண்டுபிடிச்சாங்க. ரோட்டு தண்ணிய மண்ணு, உரம் கலந்த படுகையில வடிச்சு விட்டா மீன் பொழைக்குது, ஆனா எத்தனை ரோட்டுக்குன்னு போடறது?

டீக்கடைபெஞ்ச்:
அதுக்காக அணைய எல்லாம் இடிக்க சொல்றது ஓவர், கரண்ட்டுக்கு எங்க போறது?

ஆத்தங்கரை:
எல்லாத்தயும் யாரு இடிக்க சொன்னா. கலிஃபோர்னியா, ஓரிகன் வழியா ஓடற க்ளாமத் ஆத்துல 4 அணைய எடுத்தாங்க, 2024 அக்டோபர்லயே நூறு வருஷத்துக்கு மேல போகாத இடத்துக்கு சால்மன் போயிடுச்சு. அங்க யூரோக், கருக் பழங்குடிங்க இதுக்காக வருஷக்கணக்கா போராடினாங்க. ரெட்ஃபிஷ் ஏரிக்கு போற வழியில இருக்கற ஸ்னேக் ஆத்து அணைங்க வேற கதை, அங்க கோதுமை ஏத்திட்டு படகு போகுது, அந்த சண்ட இன்னும் ஓயல.

பெல்வியூவாசி:
துடுப்பு மேட்டர் சூப்பர். அந்த தோல் உரியறது நோயா?

மழைக்காலம்:
நோய் இல்ல. ஆத்துக்குள்ள வந்துட்டா சாப்பாட்ட நிறுத்திடும், ஒடம்புல இருக்கறத கரைச்சே மேல ஏறும், சினை போட்டதும் செத்துடும். கோஹோ நவம்பர்லயும் வரும், பொண்ண கூட்டிட்டு போங்க, மழைக்கோட்ட மறக்காதீங்க.