முன்னேற்றத்தை எப்படிக் குறிச்சு வைக்கிறீங்கள்?

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். சீனி வருத்தத்துக்காக ஒன்றரை வருசமா விடியக்காலையில நடக்கிறன், திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் வரைக்கும். எச்பிஏ1சி எண்ட இரத்தச் சீனி அளவு 9.2 இருந்தது, இப்ப 7.6. அது ஏறக்குறைய மூண்டு மாதச் சராசரி, ஒருநாள் பட்டினி கிடந்து குறைக்கேலாது. எண்டாலும் 7க்குக் கீழ வரேல்லையே எண்டுதான் மனம் கிடந்து அடிக்குது.

நேற்று மகள் சொன்னா: "அம்மா, முந்தி அந்த ஏற்றத்தில மூண்டு தரம் இருந்து இளைப்பாறுவீங்கள். இண்டைக்கு ஒருதரமும் இருக்கேல்லை." நான் அதைக் கவனிக்கவே இல்லை! மான்கள் நிக்கிற இடத்தில அப்பிடியே நிண்டு அழுதிட்டன்.

நீண்டநாள் இலக்கோட இருக்கிறாக்கள், இப்பிடியான மாற்றங்களை நீங்களாவே எப்படிக் கண்டுபிடிக்கிறீங்கள்? கொப்பியில என்னத்தை எழுதுறீங்கள், கிழமைக்கு ஒருக்காவா, மாதத்துக்கு ஒருக்காவா? அடுத்த கிளினிக்குக்கு முதல் தொடங்கோணும். தெரிஞ்சதைச் சொல்லுங்கோ.